எஸ் எழுத்துப் போட்ட டயர்

பாய் அண்ணே,

இன்று காலை செவிலிமேட்டு வீட்டு வாசலில் கோலம் போடக் குனிந்தபோது புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. பேத்தி நேற்றுச் சாயங்காலம் தன் காருக்கு நான்கு டயரும் புதிதாக மாற்றிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாள். அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கார். எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண் அவள்தான். தெருவில் எல்லோரிடமும் இதைச் சொல்லியாயிற்று. உங்களிடம் சொல்வதுதான் பாக்கி.

கோலப்பொடியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். டயரின் பக்கவாட்டை விரலால் தடவினேன். முதலில் அளவைச் சொல்லும் எண்கள். பிறகு எடையைச் சொல்லும் எண். கடைசியில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆங்கில எழுத்து: எச்.

"இன்னா ஆயா, டயருக்குப் பொட்டு வெக்கிறியா?" என்று பல் துலக்கிக்கொண்டே கேட்டாள் பேத்தி.

"இந்த எழுத்துக்கு எவ்ளோ வேகம்டி?"

இஞ்சினியருக்குப் படித்தவளுக்கு அது தெரியவில்லை. வாயில் நுரையோடு செல்போனைத் தட்டிப் பார்த்தாள். "மணிக்கு இருநூத்திப் பத்து கிலோமீட்டர் வரைக்கும் தாங்குமாம். அஞ்சாங்கிளாஸ் படிச்ச உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் ஆயா?"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இருநூற்றுப் பத்து என்று அவள் சொன்ன விதம் பிடிக்கவில்லை. அதே விதமாக ஒரு எண்ணைச் சொன்ன இன்னொருவரை நான் பார்த்திருக்கிறேன். பத்து மணிக்கு அவள் பெங்களூருக்குக் கிளம்புவதற்குள் நான்கு சக்கரத்தையும் விரலால் ஒரு சுற்று தடவிவிட்டேன். அவள் சிரித்தாள். போய்விட்டாள். நான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கடை காஞ்சீவரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் பஞ்சர் ஒட்டுவீர்கள். பின்னால் தகரக் கொட்டகையில், தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி அச்சில் வைத்து வேகவைப்பீர்கள். ரோட்டில் மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் காரில் இருந்த முள் இன்னும் மைலில்தான் ஆடியது. புது டயர் வேண்டுமென்றால் எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய டாக்ஸி எப்போதும் உங்கள் ரப்பரில்தான் ஓடியது.

அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும்போது உங்கள் கடை வாசலில் நிற்பேன். அப்படி ஒரு நாள்தான் அந்த டயரை உருட்டிக்கொண்டு வந்தீர்கள். யாரோ வெளிநாட்டுக்காரர் விற்றுவிட்டுப் போன காரிலிருந்து கழற்றியது. மேலே வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கவாட்டு மட்டும் புதுசாக மின்னியது. அளவு எண்களுக்கு நடுவே பாம்பு வளைந்த மாதிரி ஓர் எழுத்து.

"இது இன்னா பாய்?" என்றார் அவர்.

"எஸ். வெளிநாட்டுல டயர் இவ்ளோ வேகம் தாங்கும்னு எழுத்துலயே சொல்லிடுவான். எஸ் போட்டா நூறு மைலுக்கு மேல தாங்கும். எச் அதுக்கும் மேல. நம்ம ஊரு டயர்ல இதெல்லாம் ஏது?"

"நூறு மைலா! என் வண்டி எழுபதுக்கே தும்முமே."

"அப்ப உன் வண்டி செத்தாலும் டயரு சாகாது" என்றீர்கள்.

அதன் மேல் நீங்களே புது ரப்பர் கட்டி, டாக்ஸியின் இடது முன் சக்கரத்தில் மாட்டினீர்கள். அன்றிலிருந்து அவர் கால் கனத்துப் போயிற்று அண்ணே. நாற்பது மைலைத் தாண்டாதவர், ஐம்பது, அறுபது என்றார். நான் ஏதாவது சொன்னால், "எஸ் டயரு போட்டிருக்குதுடி. உனக்கு இன்னா தெரியும்?" என்பார். எனக்கு என்ன தெரியும்? தறிக்கு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றுகிறவள். விரலில் இழை ஓடுவது தெரியும், அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்து ஒரு வைகாசிக் காலை. வேலூர்ப் பக்கத்துக் கல்யாண வீட்டார் கூறைப் புடவை வாங்க வந்திருந்தார்கள். மறுநாள் விடிந்தால் முகூர்த்தம். பெண்ணின் அப்பா, அம்மா, அண்ணி, பெரியப்பா என்று நான்கு பேர். டிக்கி நிறையப் பித்தளைப் பாத்திரம். கிளம்பும் முன் எங்கள் தெருவில் வண்டியை நிறுத்திக் கைகால் கழுவிக்கொண்டார்கள். பெண்ணின் அண்ணி என்னிடம் தனியாக வந்து, "ஏம்மா, திருப்புட்குழிக் கோயிலு மத்தியானம் எத்தினி மணிக்குச் சாத்துவாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். பிள்ளை இல்லாதவர்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு வேண்டிக்கொள்ளும் கோயில் அது. வறுத்த பயறும் முளைக்கும் என்பார்கள். "இப்ப போனா புடிச்சிடலாம்மா" என்றேன்.

வழக்கம்போல முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். இடது பக்கப் பழத்தை நகர்த்தும்போது விரல் டயரின் ஓரத்தில் பட்டது. ஏதோ தட்டியது. திரும்பத் தடவினேன். நீங்கள் கட்டிய ரப்பரும் பழைய டயரும் சேருகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, உதடு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தை வைத்தேன். உள்ளே போயிற்று.

அங்கேயே கத்தியிருக்க வேண்டும். ஏன் கத்தவில்லை என்று கேட்காத ஆள் நீங்கள் ஒருவர்தான், ஏனென்றால் நீங்களும் இந்த ஊர்க்காரர். பின் சீட்டில் பெண்ணின் அம்மா மடியில் தாம்பாளம். தாம்பாளத்தில் கூறைப் புடவை. அது தறியை விட்டு இறங்கினால் முகூர்த்தம் முடியும் வரை அதன் எதிரில் அறுந்தது, பிரிந்தது, விட்டுப் போனது என்ற பேச்சே வாயில் வரக் கூடாது என்று வளர்ந்தவள் நான். தறியில் இழை அறுந்தால் எங்கள் அப்பா "இழை வளந்துது" என்பாரே தவிர வேறு சொல் சொல்ல மாட்டார். அந்தப் புடவைக்கு முன்னால் நின்றுகொண்டு, டயர் பிரிந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? சொல்லி, நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆனால் என் நாக்குத்தானே காரணம்?

"அங்க இன்னா தடவிக்கினு இருக்கிற? நகரு" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே சொன்னார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க. நிதானமா போங்க."

"அறுபதுல போனாலும் உள்ள இருக்கிறவங்க தூங்கிக்கினு வருவாங்க" என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். பெரியப்பா சிரித்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி தெருமுனையில் திரும்பிய பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. அப்போது எதிரில் யாரும் இல்லை.

உங்கள் கடைக்கு நான் ஓடி வந்த ஓட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். செருப்பு இல்லை. முந்தானையில் எலுமிச்சைச் சாறு.

"பாய் அண்ணே, டயர்ல நகம் போவுது."

"ஆணி போகாத வரைக்கும் சந்தோஷப்படு" என்றீர்கள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"கேலி பண்ணாதீங்க. நீங்க கட்டுன ரப்பருக்கும் பழசுக்கும் நடுவுல போவுது. புடவைல கரைய ஒடம்போட சேக்கற எடத்துல கோர்வை விட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி."

"தங்கச்சி, அது புடவை இல்ல. எஸ் டயரு. நூறு மைலு தாங்கறது. உன் ஊட்டுக்காரன் தலகீழா நின்னாலும் எழுபதத் தாண்ட மாட்டான்."

"அந்த எழுத்து எங்க இருக்குது?"

"இன்னா?"

"பக்கத்துலதானே எழுதியிருக்குது? ரோட்டுல உருள்றது நீங்க கட்டுன ரப்பரு. அதுக்கு இன்னா எழுத்து?"

நீங்கள் கையில் இருந்த சுத்தியலை அப்படியே கீழே வைத்தீர்கள். நல்ல கரையைப் பார்த்து மயங்கி உடம்பைப் பிரித்துப் பார்க்காமல் புடவை வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றி நீங்களே எத்தனை கதை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அன்று உங்கள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"நகம் எவ்ளோ போச்சு?"

"முழுசா."

"எத்தினி பேரு வண்டில?"

"அவரோட அஞ்சு பேரு. டிக்கி நெறையப் பாத்திரம்."

"யா அல்லா" என்றீர்கள். வைகாசி வெயிலில் தார் ரோடு கொதித்தது. ஐந்து பேர், பாரம், அறுபது மைல். திருப்புட்குழியில் நிற்பார்கள் என்று நான் சொன்னதும்தான் உங்களுக்கு மூச்சு வந்தது. அதற்குள் பிடிக்க வேண்டும். கோயிலைத் தாண்டிவிட்டால் வேலூர் வரை நேர் ரோடு. யாராலும் பிடிக்க முடியாது.

கடை வாசலில் பஞ்சர் ஒட்டிக் கிளம்பத் தயாராக நின்ற உமி லாரியில் ரிம்மோடு ஒரு டயரைத் தூக்கிப் போட்டீர்கள். நான் ஜன்னல் ஓரம், நீங்கள் நடுவில். லாரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாமா, ஊட்டுக்காரரு ஓடிட்டாரா? தேடிக்கினு போறியா?"

"வாய மூடிக்கினு மிதிடா" என்றீர்கள்.

"இதுக்கு மேல மிதிச்சா காலு ரோட்டுல பட்டுடும் பாய்."

மணிக்கு முப்பது மைலுக்கு மேல் அந்த லாரி போகவில்லை. உமி பறந்து கண்ணில் விழுந்தது. நான் கண்ணை மூடவில்லை. ரோட்டோரம் நான்கு பேர் கூடி நின்றால் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒரு கூட்டம், மாடு வாங்குகிறவர்கள். இன்னொரு கூட்டம், நுங்கு விற்கிற இடம். பிறகு ரோட்டு நடுவில் கறுப்பாக, நீளமாக ஏதோ சுருண்டு கிடந்தது. லாரியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினீர்கள். குனிந்து எடுத்தீர்கள். திரும்பி வர நீங்கள் எடுத்துக்கொண்டது பத்து அடி நடைதான். அந்தப் பத்து அடியில் நான் விதவையாகி, இரண்டு குழந்தைகளோடு அப்பா வீட்டு வாசலில் போய் நின்று, தார் சுற்றிப் பிழைத்து, எல்லாம் ஆகிவிட்டது.

"சைக்கிள் டியூபு. நம்பளது இல்ல."

லாரி மறுபடியும் கிளம்பியது. பிறகு என்னைப் பார்க்காமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "எழுத்து பொய் சொல்லல தங்கச்சி. அது பொறந்தப்ப இருந்த டயரப் பத்திச் சொல்லுது. நடுவுல நான் கை வெச்சது அதுக்குத் தெரியாது." இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "அது தாங்குவேன்னு சொல்லுது. அவ்ளோ வேகம் போன்னு சொல்லல. உன் ஊட்டுக்காரன் கிட்ட நான் சொன்ன விதம் தப்பு" என்றீர்கள்.

இதை எழுதும்போது பேத்தி அதே ரோட்டில்தான் போய்க்கொண்டிருக்கிறாள். இப்போது அது அகலமான ரோடு. குறுக்கே மாடு இல்லை. இந்நேரம் ராணிப்பேட்டை தாண்டியிருப்பாள். அவள் டயர் பிறந்த மேனிக்கு இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை, காற்றும் சரியாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டு போனைப் பார்த்தேன். வண்டி ஓட்டுகிறவளுக்கு போன் செய்யக் கூடாது என்று எடுக்கவில்லை.

திருப்புட்குழியில் புளியமரத்து நிழலில் டாக்ஸி நின்றது. அவர் பானெட்டின் மேல் சாய்ந்து கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தார். உமி லாரியிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததும் சோடா மூக்கில் ஏறிவிட்டது.

"புள்ளைங்களுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. டயரு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் கோயிலிலிருந்து அவர்கள் வந்துவிட்டார்கள். பெண்ணின் அம்மா தாம்பாளத்தை மார்போடு அணைத்திருந்தாள். என் வாய் மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனீர்கள். "வணக்கம் ஐயா. கல்யாண வண்டிக்கு எங்க கடைல ஒரு சக்கரம் மாத்தி அனுப்பறது வழக்கம். காலைல மறந்துட்டேன். அதான் தேடிக்கினு வந்தேன்" என்றீர்கள். அப்படி ஒரு வழக்கம் இந்த உலகத்தில் கிடையாது. பெண்ணின் அம்மா பூரித்துப்போய், தாம்பாளத்தில் இருந்து வெற்றிலை பாக்கு எடுத்து உங்கள் கையில் கொடுத்தாள். பெரியப்பா, "காஞ்சீவரத்து மரியாதையே தனி" என்றார். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஜாக்கி போட்டார்.

சக்கரத்தை மாட்டி முடித்ததும் அவர் தோளில் கை வைத்து, "இது சாதா டயரு. நாப்பது. அதுக்கு மேல முள்ளு போகக் கூடாது" என்று காதோடு சொன்னீர்கள். வண்டி போனது. நாம் அந்த எஸ் டயரை உருட்டிக்கொண்டு ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றோம். கண்டக்டர் டயருக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னதற்கு நீங்கள் சண்டை போட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஊர் திரும்பிய அவருடைய கோபம் லேசில் அடங்கவில்லை. "ஓடற டயர நிறுத்தி, சவாரி எதிர்ல என் மானத்த வாங்கிட்டீங்க. அது இன்னா வெடிச்சுதா? இல்லையே!" வெடிக்கவில்லைதான். வெடிக்காத ஒன்றைப் பற்றி நான் என்ன சாட்சி சொல்வேன்? எனக்கு எலுமிச்சம்பழ இஞ்சினியர் என்று பேர் வைத்தார். உறவுக்காரர் வீடுகளில் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். ஆனால் இடது முன் சக்கரத்தில் இருந்த சாதா டயரை மதித்தாரோ, உங்களை மதித்தாரோ, முள் நாற்பதைத் தாண்டவில்லை.

மூன்றாம் நாள் நீங்கள் எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள். பின்னால் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அந்த டயரை ரம்பத்தால் குறுக்கே அறுத்து வைத்திருந்தீர்கள். அறுத்த முகத்தைக் காட்டி, "நகம் வெச்சியே அந்த எடத்துல விரல வையி" என்றீர்கள்.

வைத்தேன். வெளியில் நகத்தளவு தெரிந்த வாய், உள்ளே போகப் போக அகலமாகிக்கொண்டே போனது. என் ஆள்காட்டி விரல் இரண்டாவது கணு வரை தடங்கல் இல்லாமல் போயிற்று. உள்ளே வழவழவென்று, பசையே கண்டிராத மாதிரி இருந்தது. புது ரப்பர் பழைய டயரின் மேல் சும்மா உட்கார்ந்துகொண்டிருந்தது.

"வேலூர் போயிருக்காது" என்றீர்கள். "ஆற்காடே போயிருக்காது."

நான் அழுதேன். உடனே இதை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் போட வேண்டும் என்றுதான் தோன்றியது. யார் இஞ்சினியர் என்று கேட்க வேண்டும்.

நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "அவன் தெனமும் ஓட்டணும் தங்கச்சி. காலுக்கு அடில எப்ப பிரியுமோன்னு நெனச்சிக்கினு ஓட்டறவன் நேரா ஓட்ட மாட்டான். அவனா வந்து கேட்டா நானே சொல்றேன். தப்பு என்னுது."

அவர் கேட்கவே இல்லை. நீங்கள் அதற்குப் பிறகு வெளிநாட்டு டயரில் ரப்பர் கட்டவில்லை. பிற்பாடு நம் ஊர் டயரிலும் எழுத்து வந்தபோது, கட்டிய டயரில் அதை உளியால் சுரண்டிவிட்டுத்தான் கொடுத்தீர்கள். வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். இடையில் ஒரு நாள் எனக்குக் கெட்ட எண்ணம் வந்தது. சொல்ல வேண்டாம் என்றது அவருக்காகவா, உங்கள் கடைப் பேரைக் காப்பாற்றவா என்று. நீங்கள் சுரண்டுவதை நின்று பார்த்துவிட்டு, அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவர் அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் வண்டி ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. நீங்கள் அவருக்கு முன்னாலேயே கண்ணை மூடிவிட்டீர்கள். அவர் போன ஐப்பசியில் போனார். படுக்கையில் இருந்த கடைசி வாரம், பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னார். "உங்க ஆயா இருக்கறாளே, வெடிக்காத டயருக்காக உமி லாரில ஏறி வந்தவ." இருமல் நடுவே சிரித்தார். பேத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் அறுத்துக் காட்டியதைச் சொல்வதற்கு அதைவிட்டால் எனக்கு வேறு நாள் கிடைக்காது என்று தெரியும். இனி அவர் எந்த வண்டியும் ஓட்டப் போவதில்லை என்றும் தெரியும்.

அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன் அண்ணே.

அப்போது என் கை அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கியே இருந்தது. அது போய்வந்த இடத்தின் ஆழம் அதற்கு மட்டும்தான் தெரியும்.